ஊசி அண்ணையின் வலது கை

ஜெர்மனியின் எசன் நகரத்தில் நாங்கள் தமிழர்கள் இத்தனை வருடங்களில் ஒற்றுமையாகச் செய்து முடித்த காரியம் ஒன்றே ஒன்றுதான். எல்லோருமாகச் சேர்ந்து ஊசி அண்ணையைத் தோற்கடித்தோம். மற்ற எந்தக் காரியம் என்றாலும் எங்களுக்குள் இரண்டு கட்சி, மூன்று கட்சி. பொங்கல் விழாவையே ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் வைக்கிற ஆட்கள் நாங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. அதுவும் நல்ல மனதோடு, தலை முழுகி, வேட்டி கட்டிக்கொண்டு வந்து செய்தோம்.

ஊசி அண்ணை டார்ட்ஸ் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவரில் ஒரு வட்டப் பலகையை மாட்டி, ஏழெட்டு அடி தள்ளி நின்று, விரலைவிடக் கொஞ்சம் நீளமான கூர் அம்புகளை எறிகிற விளையாட்டு அது. ஒருமுறைக்கு மூன்று அம்பு. ஐந்நூற்றொன்றில் தொடங்கி, எறிந்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூச்சியத்தில் முடிக்க வேண்டும். முடிக்கிற அம்பு பலகையின் ஓரத்திலுள்ள மெல்லிய வளையத்துக்குள் குத்த வேண்டும். அந்த வளையத்தில் குத்தினால் புள்ளி இரட்டிப்பு, அதன் அகலமோ சுண்டுவிரல் நகத்தளவுதான். இதிலே என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். என் அலுமாரிக் கதவில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு கல்யாண வீட்டில். கை கழுவக் குனிந்தவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி விழுந்து திறந்துகொண்டது. உள்ளே பளபளவென்று மூன்று கூர்முனைகள். பாயாசம் வருவதற்குள் மண்டபம் இரண்டுபட்டுவிட்டது. ஒரு பக்கம், "பாவம், சலரோகம். இன்சுலின் ஊசி" என்றது. மறுபக்கம், "சலரோகக்காரன் ரெண்டாந்தரமும் கேசரி வாங்குவானோ? இது வேறை ஊசி" என்றது. நேரே போய், "அண்ணை, உதென்ன?" என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால் கதை அதோடு முடிந்துவிடுமே. பிறகு உண்மை தெரியவந்தும் பெயர் மாறவில்லை. கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "ஊசி கதைக்கிறன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். என் எழுத்து மேசை சாத்தியிருந்த சுவரின் மறுபக்கத்தில்தான் தன் பலகையை மாட்டியிருந்தார். நான் குடிவந்த முதல் நாளே தொடங்கியது. டக், டக், டக். பிறகு நடந்து போய் அம்புகளைப் பிடுங்குகிற சத்தம். மறுபடி டக், டக், டக். ஒரு பத்தி எழுதுவதற்குள் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி மஞ்சுளா அக்கா.

"சத்தமோ? ஓம், எனக்கும் கேக்குதுதான். உள்ளுக்கு வாங்கோ தம்பி, வந்து அவரிட்டையே சொல்லுங்கோ. அந்தக் கோட்டை மட்டும் தாண்டாதேங்கோ, எறியிறார்."

வரவேற்பறைத் தரையில் ஒரு சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. அந்தக் கோட்டுக்கும் பலகைக்கும் நடுவால்தான் குசினிக்குப் போகும் வழி. அந்த வீட்டில் ஒருவர் உப்பு எடுக்க வேண்டுமென்றாலும் அண்ணை மூன்று அம்பையும் எறிந்து முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும். கறி அடிப்பிடித்தால் அக்கா கோட்டுக்கு வெளியே நின்று, "இஞ்சருங்கோ, பருப்பு எரியுது" என்று கத்துவார். அண்ணை திரும்பாமலே, "இன்னும் ஒரு அம்பு கிடக்கு" என்பார்.

நான் என் முறைப்பாட்டைச் சொன்னேன். அவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

"தம்பி, மூண்டு சத்தமும் ஒரே மாதிரியே கேக்குது?"

"ஓம். ஏன் அண்ணை?"

"கடைசிச் சத்தம் கொஞ்சம் மெலிவாக் கேட்டால் சுவரிலை ஒருக்காத் தட்டிவிடுங்கோ. கை தளருது எண்டு அர்த்தம்."

முறைப்பாடு செய்யப் போனவன் பயிற்சியாளனாகத் திரும்பி வந்தேன். சில மாதங்களில் மூன்று அம்பும் எங்கே குத்தின என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அவர் இந்த விளையாட்டைப் பிடித்தது அகதி முகாமில் இருந்தபோது. வேலை செய்ய அனுமதி இல்லை, அந்த ஊரை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. முகாமில் கிடந்தவர்கள் சீட்டாடினார்கள், சண்டை பிடித்தார்கள், தபால்காரரின் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் எதிரே இருந்த பியர்க் கடைக்குப் போய், ஒரு கோப்பை ஆப்பிள் ஜூஸோடு நின்று அம்பெறியப் பழகினார். கடைக்காரி கீசெலா, "பியர் குடிக்காதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று முதலில் முறைத்தாளாம். பிறகு அவளே கடையின் அணியில் இவரைச் சேர்த்துவிட்டாளாம். வாழ்நாளில் பாதியைப் பியர்க் கடையில் கழித்தும் ஒரு மிடறு பியர் குடிக்காத மனிதரை இந்தப் பக்கத்தில் வேறெங்கும் காண முடியாது. எங்கள் ஆட்கள் அவரைப் பற்றிச் சொன்னது என்ன தெரியுமா? குடிகாரன்.

கை வியர்க்காமலிருக்க மற்ற ஆட்டக்காரர்கள் சோக்குத் தூள் பூசுவார்கள். ஊசி அண்ணை திருநீறு பூசுவார். மடித்த கடதாசிக்குள் வெள்ளைத் தூள், பக்கத்தில் கூரான மூன்று சாமான். ஒரு போட்டியில் நடுவர் இதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார்.

"இது என்ன?"

"சாம்பல்" என்றார் அண்ணை, தன்னிடமிருந்த ஜெர்மன் மொழியில்.

"எதனுடைய சாம்பல்?"

"மாடு."

"மாட்டை எரித்தீர்களா?"

"மாட்டை இல்லை. மாடு போட்டதை."

நடுவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு பெரிய நடுவர் வந்து, முகர்ந்து பார்த்து, தன் விரலிலும் ஒரு சிட்டிகை பூசிப் பார்த்து, தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த போட்டியில் எதிராளி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, தனக்கும் ஒரு பைக்கற் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

இப்படியே கடை அணி, நகர அணி என்று ஏறி, ஒரு தை மாதம் தகுதிச் சுற்றில் வென்று, தொழில்முறை ஆட்டக்காரருக்கான அட்டையை வாங்கிவிட்டார். அந்த அட்டை இருந்தால்தான் பெரிய போட்டிகளில் எறியலாம். அதன் ஆயுள் இரண்டு வருடம். அதற்குள் தரவரிசையில் போதிய இடத்தைப் பிடிக்காவிட்டால் அட்டை போய்விடும். அண்ணை பஸ் ஓட்டுகிற வேலையை விட்டார். இந்தச் செய்தி கேட்டு எங்கள் ஆட்கள் பட்ட வேதனை இருக்கிறதே, செத்த வீட்டில்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

"நல்ல உத்தியோகம். ஓய்வூதியமும் இருக்கு. அதை விட்டிட்டு அம்பெறியப் போறாராம்."

"மனுசி என்ன செய்யுது, பாத்துக்கொண்டு நிக்குதோ?"

அண்ணையின் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்த நேரம். மாப்பிள்ளையின் தகப்பன், பெண்ணின் அப்பா என்ன தொழில் என்று கேட்டார். தரகர் மென்று விழுங்கி, விளையாட்டுத்துறை என்றார். என்ன விளையாட்டு என்று தோண்டி, அம்பெறிவது என்று அறிந்ததும் அந்தப் பெரிய மனிதர் கேட்ட கேள்வி: "என்ன, வேடுவரோ?" சபையில் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் அதோடு போயிற்று. போனது நல்லதுதான். அந்தப் பெண் இப்போது தானே ஒருவனைப் பிடித்துக் கொலோனில் சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஊசி அண்ணை வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், சிவப்புக் கோட்டில் போய் நின்றார். அன்று எனக்குக் கேட்ட மூன்று சத்தமும் மூன்று விதமாக இருந்தன. சுவரில் தட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் விடுங்கள். அவர் எங்கள் ஆட்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கோடை விளையாட்டு விழாவில், கிளித்தட்டுக்கும் கயிறு இழுப்புக்கும் பக்கத்தில் ஒரு பலகையைக் கொழுவ இடம் தரும்படி கேட்டார். பிள்ளைகளுக்கு எறிந்து காட்டுவாராம். சங்கத் தலைவர் முதலில், "அன்ராக் போடுங்கோ, செயற்குழுவிலை வைச்சுப் பாப்பம்" என்றார். அண்ணை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். விழா அன்று தலைவர் அவரைக் கூடாரத்துக்குப் பின்னால் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"குறை நினையாதேங்கோ. பிள்ளையள் பாக்கிற இடத்திலை பியர்க் கடைச் சாமானைக் கொழுவ ஏலாது."

தலைவருடைய மற்றக் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை இருந்தது. அதில் இருந்தது ஆப்பிள் ஜூஸ் இல்லை.

இரண்டாவது வருடத்தின் கடைசிப் போட்டி. எங்களுக்குக் கிட்டவுள்ள பெரிய மண்டபம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. முதல் சுற்றை வென்றால் அண்ணையின் அட்டை மிஞ்சும். தோற்றால் அட்டை போகும், வேலையும் இல்லை, இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் காலையும் மாலையும் டக், டக், டக். அத்தனையும் சுத்தம். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போது யாரோ தொலைக்காட்சி விளம்பரத்தில் அண்ணையின் முகத்தைக் கண்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அன்று மாலையே அவர் 'எங்கள் வீரர்' ஆகிவிட்டார். தலைவர் அவசரக் கூட்டம் வைத்தார். இரண்டு பஸ் ஒழுங்குசெய்யப்பட்டது. போட்டிக்கு முதல் நாள் கோயிலில் விசேஷ பூசை.

"ஐயரிட்டை டெர்மின் எடுத்து நேரம் குறிச்சாச்சு" என்று தலைவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "எங்கடை பிள்ளை உலக மேடை ஏறுது. நாங்கள் சும்மா இருக்கலாமே?"

பூசை முடிந்து ஐயர் காப்புக் கட்ட வந்தார். மஞ்சள் தடவிய நூல். அண்ணை இடது கையை நீட்டினார்.

"ஆம்பிளையள் வலது கையிலை எல்லோ" என்றார் தலைவர்.

அண்ணை ஒருமுறை மஞ்சுளா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார். எறிகிற கையை.

ஒரு நூலோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் சங்கம் கட்டினால் பழைய மாணவர் சங்கம் கட்டாமல் இருக்குமா? பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்திருந்ததால் இரண்டு காப்பு. பிறகு ஊர் ஒன்றியங்கள். பிறகு ஒன்றியத்திலிருந்து பிரிந்து போனவர்கள். பிறகு மகளிர் அணி. அந்த 'வேடுவரோ' மனிதர்கூட வேட்டியை இறுக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்று கட்டினார். எல்லாம் முடிந்தபோது அண்ணையின் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு மஞ்சள் கட்டு ஏறியிருந்தது. எலும்பு முறிந்தவர் போலிருந்தார்.

"தானா அறுந்து விழுமட்டும் கழட்டக்கூடாது, கண்டீரோ" என்றார் தலைவர்.

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்து நான் அதற்கு முதல் கண்டதில்லை.

மறுநாள் நான்தான் அவரையும் அக்காவையும் காரில் கூட்டிப்போனேன். ஆட்டக்காரர்கள் எறிந்து பார்க்கும் அறையில் அண்ணை மூன்று அம்பு எறிந்தார். மூன்றும் கீழே. மறுபடி எறிந்தார். மறுபடி கீழே, ஒரு நகத்தளவு. எறிந்து பழகிய கைக்கு ஒரு மோதிரத்தின் பாரமே அதிகம். இவர் ஒரு நூல் கடையையே சுமந்துகொண்டு நின்றார். போதாததற்கு நூல்களின் நுனிகள் உள்ளங்கையில் வந்து உரசின. சட்டைக்குள் தள்ளிப் பார்த்தோம், அடங்கவில்லை. ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தோம், அறுந்து பறந்தது.

"அண்ணை, வெட்டுவம்" என்றேன். "முதலுதவிப் பெட்டியிலை கத்தரி இருக்கும்."

"வெட்டுங்கோப்பா, சாமி ஒண்டும் செய்யாது" என்றார் அக்காவும்.

"விசரே உங்களுக்கு? அம்மன் கோவிப்பா" என்று சொல்லி அண்ணை கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் ஜெர்மன்காரர்கள் டார்ட்ஸ் பார்க்க வரும் வழக்கப்படி வேஷம் போட்டு வந்திருந்தார்கள். வாழைப்பழம், கோழி, பாதிரியார். நடுவில் பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக எங்கள் ஆட்கள் இறங்கியதும் பெரிய கைதட்டல். அந்த இரவின் சிறந்த வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வாழைப்பழம் ஓடிவந்து தலைவரோடு படம் எடுத்துக்கொண்டது. தலைவருக்கு ஒரே பெருமை. ஊசி அண்ணை நாதஸ்வர இசையோடு மேடை ஏறினார். தொலைக்காட்சியில் பேசியவர் அவருடைய கையைக் காட்டி, இது ஆசிய வில்வித்தைக்காரர்கள் அணியும் பாதுகாப்புக் கவசம் என்று நாட்டுக்கே விளக்கினாராம்.

எதிராளி ஒரு நெதர்லாந்து இளைஞன். இத்தனை பாரத்தோடும் அண்ணை விடவில்லை. மேலே பார்த்துக் குறிவைத்துச் சரிக்கட்டி, கடைசி ஆட்டம் வரைக்கும் இழுத்து வந்துவிட்டார். முப்பத்திரண்டு மிச்சம். பதினாறாம் எண்ணின் வெளி வளையத்தில் ஒரு அம்பு குத்தினால் அட்டை அவருடையது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற இடம் அது. முதல் அம்பு வளையத்தின் கம்பிக்குக் கீழே. கையை உதறினார். இரண்டாவது கம்பிக்குக் கீழே. நூல் நுனி ஒன்று விரலில் சுற்றியிருந்தது, அதை ஊதித் தள்ளினார். மூன்றாவதும் கம்பிக்குக் கீழே, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில். அடுத்து வந்த நெதர்லாந்துக்காரன் முடித்துவிட்டான்.

நாங்கள் வெளியே வந்தபோது இரண்டு பஸ்ஸும் போய்விட்டிருந்தன. ஒருவர்கூட நிற்கவில்லை. அடுத்த நாள் கடைத்தெருவில் என் காதுபடவே பேசினார்கள்.

"கை நடுங்கினதைப் பாத்தனீங்களே? தண்ணி."

"எங்கடை நேர்த்தியை வீணாக்கிப் போட்டார்" என்றார் தலைவர்.

நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன், சத்தம் போட்டுத்தான் சொன்னேன். "காப்பைக் குறை சொல்லுறீரோ?" என்று என்மேல் பாய்ந்தார்கள். இப்போது என்னையும் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. நிம்மதி.

அண்ணை ஒரு பொதிக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். காப்பு மட்டும் கையிலேயே இருந்தது. மஞ்சள் நிறம் பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகியது. குளிக்கும்போது அக்கா அதன்மேல் பொலித்தீன் பை கட்டிவிடுவார். அந்தக் கையோடு கீசெலாவின் கடையில் எறிந்து, ஓய்வூதியக்காரர்களிடமெல்லாம் தோற்றார். பிறகு எறிவதையே விட்டுவிட்டார். சுவரில் சத்தம் நின்றது. எனக்கு எழுத்து ஓடவில்லை. ஆசைப்பட்ட அமைதி கிடைத்தும் மேசையில் உட்கார முடியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

குளிர்காலம் முடிய நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்து விழத் தொடங்கின. கடைசி நூலும் விழுந்த அன்று, சேர்த்து வைத்த எல்லாவற்றையும் உருட்டி எடுத்து, ஓடுகிற தண்ணீரில்தான் போட வேண்டும் என்றார் அக்கா. மூவருமாகக் கால்வாய்க்குப் போனோம்.

"அக்கா, இது ஓடுற தண்ணி இல்லையே."

"ஜெர்மனியிலை எங்களுக்கு உதுதான் கிடக்கு, பேசாமல் வாங்கோ."

கரையில் நின்றபோது நான் கேட்டேவிட்டேன். "அண்ணை, அண்டைக்கு ஒரு கத்தரி காணும். ஏன் வெட்ட விடேல்லை? அம்மன் கோவிப்பா எண்டு சொல்லாதேங்கோ, நான் நம்பமாட்டன்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மனுக்கு உது விளங்கும் தம்பி. அவ கோவிக்க மாட்டா." வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "இத்தினை வருசத்திலை எங்கடை ஆக்கள் எனக்கெண்டு கூடினது அந்த ஒருநாள்தான். ஒவ்வொருத்தரா வந்து என்ரை கையைப் பிடிச்சவை. அதை வெட்ட மனம் வரேல்லை."

பிறகு அந்த நூல் உருண்டையை விரல்களில் எடுத்து, ஒரு காலை முன்வைத்து, முழங்கையை உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, பதினாறாம் எண்ணுக்கு எறிவதைப் போலவே எறிந்தார். நூலுக்கு ஏது பாரம்? காற்று திருப்பிக் கொண்டுவந்து அவருடைய சப்பாத்தின்மேலேயே போட்டது.

"பாத்தீங்களே, இதுவும் கீழைதான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அக்காதான் குனிந்து பொறுக்கித் தண்ணீரில் விட்டார்.

இந்த வருட விளையாட்டு விழாவில் டார்ட்ஸ் போட்டியும் உண்டாம். எதிர்காலத் தலைமுறையை ஊக்குவிக்கிறார்களாம். நடுவராகவாவது வரும்படி அண்ணையை ஒருவரும் கேட்கவில்லை.

சுவரில் மறுபடி சத்தம் கேட்கிறது. டக், டக், டக். மூன்றும் ஒரே மாதிரி. வருகிற தை மாதம் அவர் திரும்பவும் தகுதிச் சுற்றுக்குப் போகிறார். இதை வாசிக்கிற சங்கத்தார் எவரும் நூலோடு கிளம்ப வேண்டாம். ஒற்றை நூலில் ஒரு காப்பு வாங்கி என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். கட்டும்போது சொல்ல எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. அவருடைய இடது கை எது என்று மட்டும் தெரியும்.